திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் ஒரு சின்னத் தியேட்டர் அறை வைத்திருக்கிறேன். அகலம் 11 அடி, நீளம் 17 அடி. 120 இஞ்ச் திரை. முன்பக்க ஸ்பீக்கர் மூன்றும் (இடது, வலது, வசனம் வரும் நடு ஸ்பீக்கரான சென்டர்) அதற்குப் பின்னால் இருக்கின்றன. படம் பார்க்க வருகிறவர்கள் விளக்குப் போட்டதும் முதலில் தேடுவது ஸ்பீக்கரைத்தான். அப்புறம் வீடு கட்டும்போதோ அறையை மாற்றும்போதோ போன் செய்து கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வருபவை. அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலை வைத்திருக்கிறேன்.

1. "ஸ்க்ரீனுக்குப் பின்னாடி ஸ்பீக்கர் வெச்சா சத்தம் அமுங்கிடாதா?"

சாதாரண வினைல் திரை என்றால் கண்டிப்பாக அமுங்கும். இதற்கென்றே செய்த திரை வேறு. அதில் காற்று போய்வர வழி இருக்கும். காற்று போனால் ஒலியும் போகும். ஒலி ஊடுருவும் திரை என்று தமிழில் சொல்லலாம், கடையில் ஏ.டி. ஸ்க்ரீன் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.

சினிமா தியேட்டர்களில் வெகுகாலமாக இதுதான் முறை. அடுத்த தடவை தியேட்டருக்குப் போனால், படம் முடிந்து விளக்கு எரிந்ததும் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சின்னத் துளைகள் வரிசை வரிசையாகத் திரை முழுக்க இருக்கும். நாயகன் பேசும் குரல் அந்தத் துளைகள் வழியாகத்தான் நமக்கு வருகிறது.

2. "எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்? சென்டர் ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழ வெச்சா போதாதா?"

போதும் என்று நினைத்துத்தான் நானும் மூன்று வருடம் அப்படி வைத்திருந்தேன். கணக்கைப் பாருங்கள். 120 இஞ்ச் திரையின் உயரம் ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் விட்டு மாட்டினால், நெருக்கமான காட்சியில் நடிகரின் முகம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். கீழே வைத்த ஸ்பீக்கரோ 40 சென்டிமீட்டரில். 10 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு முகத்துக்கும் குரலுக்கும் நடுவில் சுமார் 20 டிகிரி வித்தியாசம். மேல்கீழ் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதில் காது கொஞ்சம் மந்தம்தான். கண் பார்க்கும் வாயோடு குரலை ஒட்டவைத்துக்கொள்ளும். அதனால் பழகிவிடும் என்பார்கள். பழகும், உண்மைதான். ஆனால் ஒருமுறை சரியான இடத்திலிருந்து கேட்டுவிட்டால் பழையதற்குத் திரும்ப மனசு வராது.

பழைய அமைப்பில் சென்டர் ஸ்பீக்கர் டீபாய்க்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் இருந்தது. அம்மா படம் முழுக்க "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், நான் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பேன். திரைக்குப் பின்னால் மாற்றிய அன்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறைப்பு போனது ஒரு காரணம், உதட்டசைவும் குரலும் ஒரே இடத்தில் இருப்பது இன்னொரு காரணம். இந்த ஏற்பாடு முழுக்க சென்டர் ஸ்பீக்கருக்காகத்தான். பணமோ இடமோ குறைந்து எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால், அதை மட்டும் விடாதீர்கள்.

3. "ஓட்டை போட்டது, நெய்தது, ரெண்டுல எது வாங்கலாம்?"

வீட்டுக்கு என்றால் நெய்ததைத்தான் சொல்வேன். துளைத் திரை என்பது வினைலில் துளை போட்டது. வெளிச்சத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், படம் பளிச்சென்று இருக்கும். ஆனால் துளை இல்லாத இடமெல்லாம் ஒலிக்குச் சுவர் மாதிரி. ட்வீட்டர் (ஸ்பீக்கரில் கீச்சு ஓசைகளைத் தரும் சின்ன வட்டு) தரும் ஓசைகள் அதில் பட்டுத் திரும்பி ஸ்பீக்கர் முகப்பில் மோதி மறுபடி வரும். 10 கிலோஹெர்ட்ஸ் சுருதிக்கு மேலே சத்தம் பல டெசிபெல் குறைவது சகஜம். கிட்ட உட்கார்ந்தால் துளைகள் கண்ணுக்கும் தெரியும். மிக நுண்ணிய துளை போட்டவையும் கிடைக்கின்றன, விலை அதற்கேற்றபடி.

நெய்த திரை ஒரு துணி. நல்ல நெசவாக இருந்தால் ஒலி இழப்பு ஓரிரண்டு டெசிபெல்லோடு நிற்கும், அதுவும் கீச்சு ஓசைகள் முழுக்கச் சீராக இருக்கும். சீரான இழப்பைச் சரிசெய்வது சுலபம். குறை என்னவென்றால் கொஞ்சம் வெளிச்சம் நெசவு வழியே பின்னால் போய்விடும். அதைப் பத்தாம் கேள்வியில் பார்க்கலாம்.

4. "சாம்பிள் துணி வந்திருக்கு. எப்படிச் சோதிச்சுப் பார்க்கறது?"

முதலில் வாயில் வைத்து ஊதுங்கள். மறுபக்கம் கையை வைத்தால் காற்று தாராளமாக உறைக்க வேண்டும். தட்டிப்போனால் அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.

அடுத்தது காதால் செய்யும் சோதனை. ஜால்ராவோ மோர்சிங்கோ தெளிவாகக் கேட்கும் ஒரு பாட்டை ஒரே ஒரு ஸ்பீக்கரில் ஓடவிடுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் யாரையாவது சாம்பிளை ட்வீட்டருக்கு ஒரு சாண் முன்னால் பிடித்தும் எடுத்தும் காட்டச் சொல்லுங்கள். ஜால்ராவின் அந்தக் "கிணிங்" முனை மழுங்குகிறதா, இல்லை அப்படியே இருக்கிறதா என்று கவனியுங்கள். பிடித்தது எப்போது எடுத்தது எப்போது என்று சொல்லத் தடுமாறினீர்கள் என்றால் துணி நல்ல துணி. கடைசியாக சாம்பிளைச் சுவரில் ஒட்டி, ப்ரொஜெக்டரில் முழு வெள்ளைப் படம் போட்டு, உட்காரும் தூரத்திலிருந்து நெசவு தெரிகிறதா என்று பாருங்கள்.

5. "ஸ்பான்டெக்ஸ் துணி வாங்கி நாமே சட்டம் அடிச்சா வேலை ஆகுமா?"

ஆகும். சொந்தமாகச் செய்கிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வெள்ளை ஸ்பான்டெக்ஸ் முன்னால், கறுப்போ வெள்ளி நிறமோ ஒரு அடுக்கு பின்னால். துணி நீளும் என்பதால் நாலு பக்கமும் சமமாக இழுத்து ஸ்டேப்பிள் அடித்தால் சுருக்கம் வராது. மூலையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், நாலு பக்கத்தின் நடுவிலும் முதலில் அடித்து, அங்கிருந்து மூலையை நோக்கிப் போக வேண்டும்.

நாட்டுமரச் சட்டம் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். அலுமினியச் சதுரக் குழாய் நல்லது. பருத்தி வேட்டி, பெட்ஷீட் எல்லாம் நான்காம் கேள்வியின் ஊதும் சோதனையிலேயே பெரும்பாலும் தோற்றுவிடும்.

6. "ஸ்பீக்கருக்கும் திரைக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்?"

நெய்த திரைக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். துளைத் திரைக்கு 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை விடுவது நல்லது, மூன்றாம் கேள்வியில் சொன்ன எதிரொலிப்பு அதில் அதிகம். இடதும் வலதும் உட்காரும் இடத்தைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பியிருந்தால் முகப்பும் திரையும் நேருக்கு நேர் இருக்காது, ஒலி நடுவில் மாட்டிக்கொண்டு முட்டி மோதுவது குறையும். ட்வீட்டரைச் சுற்றிக் கறுப்பு ஃபெல்ட் துணி ஒட்டினாலும் பலன் தெரியும்.

இடைவெளியைவிட முக்கியமான விஷயம் ஒன்று. திரைச்சட்டத்தின் விளிம்போ நடுக்கட்டையோ ட்வீட்டருக்கு முன்னால் வரவே கூடாது. பெரிய திரைகளில் சட்டம் வளையாமல் இருக்க நடுவில் ஒரு நெடுங்கட்டை கொடுப்பார்கள், அது சரியாக சென்டர் ஸ்பீக்கரின் முகத்தில் வந்து நிற்கும். ஆர்டர் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

7. "ரூம்ல எவ்வளவு இடம் போகும்?"

சாதாரண புக்ஷெல்ஃப் (சின்னப் பெட்டி) ஸ்பீக்கரின் ஆழம் 30 சென்டிமீட்டர். பின்னால் ஒலி உறிஞ்சும் கம்பளத்துக்கு 10, முன்னால் இடைவெளி 10, திரைச்சட்டமும் தாங்கும் மரச்சட்டமும் சேர்த்து இன்னொரு 10. ஆக 60 சென்டிமீட்டர், அதாவது 2 அடி. என் 17 அடி அறை இதனால் 15 அடியானது.

அந்த 2 அடி இல்லை என்றால் சுவரோடு ஒட்டி மாட்டும் ஒல்லி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஆழம் 10 முதல் 15 சென்டிமீட்டர்தான். அவற்றோடு மொத்தம் ஒரு அடியில் முடித்துவிடலாம். ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் காற்றுத்துளை இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. முன்பக்கம் துளை உள்ளதோ மூடிய பெட்டியோ தேடுங்கள்.

8. "எந்த உயரத்துல வைக்கணும்?"

மூன்று ட்வீட்டரும் ஒரே உயரத்தில். சோபாவில் உட்கார்ந்தால் காது சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும். ட்வீட்டர் அதே உயரத்திலோ ஓர் அரை அடி மேலேயோ இருந்தால் நல்லது. திரையின் நடுப்பகுதிக்கு அது ஓரளவு ஒத்துவரும். பெரிய தியேட்டர்களில் திரை உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே வைப்பார்கள், அங்கே பின்வரிசை வரைக்கும் ஒலி போக வேண்டும். வீட்டில் ஒற்றை வரிசைக்கு அது தேவையில்லை.

9. "என்கிட்ட படுக்கை வாட்டுல ஒரு சென்டர் ஸ்பீக்கர் இருக்கு. அதையே பின்னாடி வைக்கலாமா?"

வைக்கலாம், ஆனால் கிடைத்த வாய்ப்பை வீணாக்குகிறீர்கள். ஸ்பீக்கரைப் படுக்க வைத்ததே டிவிக்குக் கீழே இடம் இல்லை என்பதால்தான். இரண்டு வூஃபர் (தாழ்ந்த ஓசை தரும் பெரிய வட்டு) பக்கவாட்டில் இருந்தால், ஓரத்து இருக்கைக்கு இரண்டின் ஒலியும் முன்னும் பின்னுமாக வந்து சில சுருதிகளில் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓரத்தில் இருப்பவருக்கு வசனம் மெலிந்து கேட்பது அதனால்தான்.

திரைக்குப் பின்னால் இடப்பிரச்சினை இல்லை. இடது, வலது வைத்திருக்கும் அதே மாடலில் மூன்றாவது ஒன்றை வாங்கி நிற்க வையுங்கள். கார் இடமிருந்து வலம் போகும்போது சத்தத்தின் நிறம் நடுவில் மாறாது. ஜோடியாகத்தான் தருவோம் என்று கடைக்காரர் சொன்னால், பழைய பொருளில் ஒற்றை கிடைக்கிறதா பாருங்கள்.

10. "படம் மங்கிடுமா?"

கொஞ்சம் மங்கும். நெய்த திரையின் பிரதிபலிப்பு அளவு பெரும்பாலும் 0.8-க்கும் 1.0-க்கும் நடுவில் இருக்கும். 120 இஞ்ச் திரையின் பரப்பு சுமார் 43 சதுர அடி. உங்கள் ப்ரொஜெக்டர் சினிமா மோடில் உண்மையாகவே 1000 லூமென் வெளிச்சம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000-ஐ 43-ஆல் வகுத்தால் 23, அதில் 0.85 பங்கு ஏறக்குறைய 20 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அளவு). டிஜிட்டல் சினிமா தியேட்டருக்கான அளவே 14தான். ஆக, இருட்டான அறையில் இது தாராளம்.

ஆனால் பெட்டியில் அச்சடித்த லூமென் எண்ணை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அது பச்சையடிக்கும் அதிகபட்ச மோடின் எண், சினிமா மோடில் கணிசமாகக் குறையும். லேம்ப் பழசானாலும் குறையும். எச்டிஆர் (வெளிச்சம் அதிகம் கேட்கும்) படங்கள் அதிகம் பார்ப்பவர் என்றால் திரையை ஒரு சுற்றுச் சின்னதாக எடுங்கள்.

11. "வெள்ளைக் காட்சி வரும்போது திரைக்குள்ள ஏதோ வட்டமா தெரியுது. என்ன அது?"

உங்கள் வூஃபர். எனக்கும் முதல் வாரத்திலேயே இது நடந்தது. இருட்டுக் காட்சி எல்லாம் சுத்தமாக இருந்தது. பனிமலைக் காட்சி ஒன்று வந்தது, திரை முழுக்க வெள்ளை; அதன் இடது பக்கம் வெளிறிய ஒரு வளையம், உள்ளங்கை அகலத்தில். எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். வூஃபரைச் சுற்றியிருந்த பளபளப்பான உலோக வளையம். நெசவு வழியே உள்ளே போன வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

திரைக்குப் பின்னால் உள்ளது எல்லாமே கறுப்பாக, மினுக்கில்லாமல் இருக்க வேண்டும். சுவருக்கு மேட் கறுப்பு பெயின்ட், மரச்சட்டத்துக்கும் அதுவே, ஸ்பீக்கருக்குக் கறுப்பு கிரில். பவர் லைட்டின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப். திரையோடு சேர்த்து மெல்லிய கறுப்புப் பின்துணி கொடுக்கிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதையும் ஊதிப் பாருங்கள்.

12. "படத்துல அலை அலையா கோடு ஓடுது. ப்ரொஜெக்டர் கோளாறா?"

பெரும்பாலும் இல்லை. படத்தின் பிக்சல் கட்டமும் திரையின் துளைக் கட்டமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து உண்டாக்கும் கோலம் அது. இரண்டு கொசுவலையை ஒன்றன் மேல் ஒன்று பிடித்தால் தெரியுமே, அதேதான். 120 இஞ்ச் திரையில் 4கே பிக்சல் ஒன்றின் அகலம் சுமார் 0.7 மில்லிமீட்டர், 1080பி-யில் 1.4. துளைகளின் இடைவெளி இதற்கு நெருக்கமாக இருந்தால் கோடு வரும்.

ஜூமைச் சிறிது மாற்றிப் பாருங்கள், பல சமயம் மறைந்துவிடும். துணியைச் சாய்த்து, சட்டத்துக்குச் சற்றுக் கோணலாக வெட்டிக் கட்டுவது நிரந்தர வழி. நல்ல தயாரிப்பாளர்கள் அப்படித்தான் தருகிறார்கள். மிக நுண்ணிய நெசவில் இந்தத் தொல்லை அரிது.

13. "சப்வூஃபரையும் உள்ளயே வெச்சிடலாமா?"

சப்வூஃபர் என்பது ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி. உள்ளே வைத்தால் ஒலிக்கு ஒரு தடையும் இல்லை. தாழ்ந்த அதிர்வுக்குத் துணி ஒரு பொருட்டே அல்ல. சிக்கல் வேறு: வூஃபரோ அதன் காற்றுத்துளையோ துணிக்குக் கிட்ட இருந்தால் துணி ஆடும், படமும் ஆடும். அப்புறம் சட்டத்தில் ஏதாவது ஒரு திருகு தளர்ந்திருந்தால் கடகடவென்று சேர்ந்து பாடும். மூடும் முன் 20 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஓசையைப் படம் பார்க்கும் சத்தத்தில் ஓடவிட்டு, எங்கே ஆடுகிறது என்று கையை வைத்துத் தேடி ரப்பர் கொடுத்து இறுக்குங்கள். அறையின் வேறு மூலையில் பேஸ் நன்றாக இருந்தால் அங்கேயே வையுங்கள், உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றில்லை.

14. "திரை மாட்டினதும் ட்ரெபிள் கொஞ்சம் குறையுது. ரிசீவர்ல கூட்டினா சரியாகிடுமா?"

ட்ரெபிள் என்பது கீச்சு ஓசைகள். நெய்த திரை என்றால் சரியாகிவிடும். திரை மாட்டிய பிறகு ரிசீவரின் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியின்) மைக்கை வைத்து, ஒலியை அறைக்கேற்பச் சரிசெய்யும் அறைச் சீரமைப்பை மறுபடி ஓட்டுங்கள். திரை இல்லாமல் ஓட்டிய பழைய அளவு செல்லாது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். யூ.எஸ்.பி. மைக்கும் ஆர்.இ.டபிள்யூ. மென்பொருளும் இருந்தால், திரையோடு ஒரு தடவை, திரையைக் கழற்றி ஒரு தடவை அளந்து இரண்டு கோட்டையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் உங்கள் திரையின் இழப்பு.

துளைத் திரையில் இழப்பு மேடுபள்ளமாக இருக்கும். பள்ளத்தை எல்லாம் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். எதிரொலித்து ஒன்றையொன்று அழித்த ஒலியை எவ்வளவு கூட்டினாலும் அது திரும்பி வராது. அங்கே ஆறாம் கேள்வியில் சொன்ன இடைவெளியும் கோணமும்தான் மருந்து.

15. "சென்டர் மட்டும் உள்ள, இடது வலது வெளியில. இப்படி வைக்கலாமா?"

சில அறைகளுக்கு அதுதான் சரி. இடது, வலது ஸ்பீக்கர்கள் நடுவிலிருந்து 22 முதல் 30 டிகிரி விலகியிருக்க வேண்டும் என்பது டால்பி சொல்லும் அளவு. என் 120 இஞ்ச் திரையில், 10 அடி தூரத்திலிருந்து பார்த்தால், சட்டத்துக்கு உள்ளேயே வைத்த ஸ்பீக்கர்கள் சுமார் 21 டிகிரியில் வருகின்றன. கிட்டத்தட்ட சரி. அதே தூரத்தில் 100 இஞ்ச் திரை என்றால் 18-ஐத் தாண்டாது, இசை குறுகிப்போகும். அப்போது இரண்டையும் வெளியே வையுங்கள், எட்டாம் கேள்வியில் சொன்னபடி உயரம் மட்டும் மூன்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும். சென்டருக்கு மட்டும் துணி மறைப்பு இருப்பதால் அதன் ட்ரெபிளைத் தனியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

16. "எல்லாம் சரியா செஞ்சும் ஆண் குரல் சோகையா இருக்கு. ஏன்?"

ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். தாழ்ந்த ஓசை ஸ்பீக்கரின் நாலு பக்கமும் பரவும். பின்னால் போனது சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முன்னால் போவதோடு எதிரும் புதிருமாகச் சேர்ந்தால் அந்தச் சுருதியே காணாமல் போகும். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பள்ளம் ஏறக்குறைய 143 ஹெர்ட்ஸில் விழும். ஆண் குரலின் அடித்தொனி இருக்கும் இடமே அதுதான்.

ஸ்பீக்கரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு சுவரோடு ஒட்டித் தள்ளுங்கள், துணிக்கும் ஸ்பீக்கருக்கும் இடைவெளி கூடினால் பரவாயில்லை. 15 சென்டிமீட்டர் ஒல்லி ஸ்பீக்கர் என்றால் பள்ளம் 570 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிடும். அங்கே 10 சென்டிமீட்டர் ராக்வுல் (ஒலி உறிஞ்சும் கனிம இழைப் பாய்) அதை நன்றாக விழுங்கும். தாழ்ந்த பள்ளத்தை அதே ராக்வுல்லால் ஓரளவுதான் ஆற்ற முடியும். ராக்வுல்லை அப்படியே திறந்து வைக்காமல் கறுப்புத் துணி போர்த்துங்கள், இழை பறக்கக் கூடாது.

17. "அல்ட்ரா ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர் வெச்சிருக்கேன். எனக்கு ஆகுமா?"

வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ப்ரொஜெக்டர் கீழிருந்து திரையை உரசினாற்போல் வெளிச்சம் அடிக்கிறது. துணியில் ஒரு நூல் அளவு மேடு இருந்தாலும் நிழல் நீண்டு விழும். அதற்கென்று வரும் வரிவரியான திரைகளில் பெரும்பாலானவை வழியே ஒலி போகாது. மோட்டாரில் சுருண்டு இறங்கும் திரை என்றால் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் நாடா உள்ளதாகப் பாருங்கள். இல்லாவிட்டால் மடிப்பு விழும், பேஸ் அடித்தால் அசையும்.

18. "உள்ள ஸ்பீக்கர் கெட்டுப்போனா எப்படி எடுக்கறது? பல்லி, தூசி எல்லாம்?"

திரையைச் சுவரில் திருகி முடிக்காதீர்கள். மேல்சட்டம் ஒரு கொக்கிப் பட்டையில் தொங்க வேண்டும். இரண்டு பேர் பிடித்து ஒரு நிமிடத்தில் தூக்கி இறக்க முடிய வேண்டும். ஸ்பீக்கர் வயரை கன்ட்யூட் பைப்பில் கொண்டுவந்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு முழம் அதிகம் விடுங்கள். ஆம்ப்ளிஃபையரை உள்ளே வைக்காதீர்கள், சூடு வெளியேற வழி இருக்காது.

பல்லியின் எச்சம் திரையில் பட்டால் ஈரத்துணியால் தேய்க்கக் கூடாது, கறை நெசவுக்குள் இறங்கிவிடும். காயவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை திரையை இறக்கி, பின்பக்கத்திலிருந்து குறைந்த வேகத்தில் வேக்வம் பிடித்தால் நெசவு அடையாது. மூலைகளில் தரையோடு சேரும் இடுக்கை மூடிவிட்டால் பல்லி, கரப்பான் பாதி குறையும். மரச்சட்டத்துக்குக் கரையான் மருந்து அடித்த பிறகே பெயின்ட்.

19. "வாடகை வீடு. சுவர்ல ஆணி அடிக்க முடியாது. வாய்ப்பே இல்லையா?"

இருக்கிறது. ஐந்தாம் கேள்வியின் அலுமினியச் சட்டத்துக்கு இரண்டு பக்கமும் கால் வைத்துத் தரையில் நிறுத்தலாம். பின்னால் மூன்று ஸ்டாண்டில் ஸ்பீக்கர், அதற்கும் பின்னால் கம்பியில் தொங்கும் கறுப்பு வெல்வெட் திரைச்சீலை. சுவருக்குப் பெயின்ட் அடிக்காமலே பதினொன்றாம் கேள்வியின் வட்டம் மறையும். சட்டத்தின் கால்களின் மேல், காலுக்கு ஒரு பத்துக் கிலோ எடை வையுங்கள், குழந்தைகள் ஓடும் வீடு என்றால் இருபது. வீடு மாறும்போது துணியைச் சுருட்டுங்கள், மடிக்காதீர்கள். மடிப்புத் தடம் பிறகு படத்தில் கோடாகத் தெரியும்.